கத்தியலகுக்கு உகந்த பொருள் யாது?

கத்தி வாங்கச் செல்வோர் பெரும்பாலும் நோக்குவன மூன்று: பளபளப்பு, பிடியின் அழகு, விலை. அலகு எப்பொருளால் ஆயது என வினவுவோர் சிலரே. ஆயினும் கத்தியைக் கத்தியாக்குவது அலகேயாம். சில கிழமைகளில் அது மழுங்குமா, எலும்பிற் பட்டாற் பல்லுப்போகுமா, புளிபட்டாற் கறுக்குமா, தீட்டினாற் பழைய கூரைப் பெறுமா என்பன கடையில் வைத்துப் பார்க்கையிற் கண்ணுக்குப் புலப்படா. அவற்றைத் தீர்மானிப்பவை அலகின் மூலப்பொருளும், அப்பொருள் பதப்படுத்தப்பட்ட முறையுமாகும்.

நல்ல அலகினிடத்து வேண்டப்படும் இயல்புகள் நான்கு. முதலாவது வன்மை, அஃதாவது தேயாமலும் வளையாமலும் கூரைக் காத்துநிற்றல். இரண்டாவது உரம், அடியையும் அதிர்ச்சியையும் தாங்கி முறியாதிருத்தல். மூன்றாவது துருவெதிர்ப்பு, நீர், உப்பு, புளிப்பு ஆகியவற்றாற் கெடாமை. நான்காவது தீட்டற்கெளிமை, மழுங்கியபின் குறைந்த முயற்சியோடு மீண்டுங் கூர்பெறுதல். இந்நான்கும் நிறைவாக ஒருங்கமைந்த பொருள் எதுவும் இதுகாறுங் கிடைத்திலது. ஒன்று மிகின் மற்றொன்று குறைகின்றது. ஆகவே "சிறந்த அலகு எது?" என்னும் வினாவுக்கு, "எத்தொழிலுக்கு?" என்னும் எதிர்வினாவே முதல் விடையாகும்.

கூர்மையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். அலகின் இரு பக்கங்களுஞ் சந்திக்கும் விளிம்பு எத்துணை மெல்லியதோ அத்துணை கூரியது. கையின் விசை சிறிதாயினும் அது மிகக் குறுகிய பரப்பிற் செலுத்தப்படுதலால் அழுத்தம் பன்மடங்கு பெருகுகின்றது. நன்கு தீட்டிய உருக்கலகின் விளிம்பு ஒரு மைக்கிரோமீற்றரிலுங் குறைந்த தடிப்புடையது. தலைமயிரோ அதனிலும் ஐம்பது மடங்குக்கு மேல் தடித்தது. அத்துணை மெல்லிய விளிம்பு மடியாது நிற்க வன்மை வேண்டும். ஆயின், அணுக்கள் ஒன்றன்மேலொன்று வழுக்க இயலாதவாறு இறுகப் பிணைந்த பொருளே வன்மையுடையது. அத்தகைய பொருள் தாங்குதற்கரிய விசை வந்துற்றபோது வளைந்து கொடாது, வெடித்து முறியும். ஈயத்தகடு வளையும், கண்ணாடி உடையும். வன்மையும் உரமும் முரண்படுதற்குக் காரணம் இதுவே.

மனிதன் முதன்முதற் கண்ட அலகு கல்லாலாயது. தக்க கல்லை அடித்துச் சில்லாக்கும்போது அச்சில்லின் விளிம்பு தானே கூராக அமைகின்றது. இலங்கையிற் களுத்துறை மாவட்டத்திலுள்ள பாகியன் குகையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, குவாட்ஸ் எனப்படும் படிகக்கல்லாலான நுண்கருவிகளுட் சில ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் பழைமையானவை என 2019இல் வெளியான ஆய்வு காட்டுகின்றது. எரிமலைக் குழம்பு விரைந்து குளிர்வதால் உண்டாகும் இயற்கைக் கண்ணாடி, கூர்மையிற் கற்கள் யாவற்றையும் விஞ்சியது. மெக்சிக்கோவின் அஸ்ரெக் மக்கள் அதன் சில்லுகளை மரத்தண்டின் இருமருங்கும் பதித்துப் போர்க்கருவியாகக் கொண்டனர். கண்ணாடியிற் பளிங்குருத் துணிக்கைகள் இன்மையால் அதன் விளிம்பு சில நனோமீற்றர் அளவிற்கு மெலியவல்லது. நனோமீற்றர் என்பது மைக்கிரோமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு. எந்த உருக்கலகும் அதற்கு நிகராவது அரிது. இக்காலத்தும் அறுவை மருத்துவர் சிலர் அதனைக் கையாண்டு பார்த்ததுண்டு. எனினும் பக்கவாட்டிற் சிறு விசை படினும் அவ்விளிம்பு முறிந்து, முறிந்த துணுக்கு காயத்தினுள்ளே தங்கக்கூடும். கூர்மை ஒன்றே அலகின் சிறப்பை நிச்சயிக்குமாயின் கற்காலத்தோடு கத்தியின் வரலாறு முடிந்திருக்கும்.

கல்லுக்குப் பின் வந்தது வெண்கலம். செம்பு மென்மையானது, அதனோடு ஏறத்தாழப் பத்திலொரு பங்கு வெள்ளீயங் கலப்பின் வன்மை மிகுகின்றது. வார்த்தெடுத்த வெண்கல அலகின் விளிம்பைச் சூடாக்காமற் சுத்தியலால் அடித்தால் அது மேலும் இறுகும். சதம அளவையில் ஏறத்தாழ 1,000 பாகையில் உருகுவதால் அதனை வேண்டிய வடிவில் வார்த்தலும், பழுதுற்ற கருவியை உருக்கி மீள வார்த்தலும் எளியவாயின. இரும்பைப்போல் அது துருப்பிடித்துத் தின்னப்படுவதுமில்லை. மேலே படியுங் களிம்பு உள்ளிருப்பதைக் காக்கின்றது. குறை யாதெனின், அதன் வன்மைக்கு ஓர் எல்லை உண்டு. சூடாக்கித் தோய்ப்பதால் அவ்வெல்லையைக் கடக்க இயலாது. வெள்ளீயமும் எங்கும் எளிதிற் கிடைப்பதன்று.

இரும்பு வெண்கலத்தை வென்றது அதன் வன்மையினால் என்று பலர் எண்ணுவர். உண்மையில், தூய இரும்பு அடித்து இறுக்கிய வெண்கலத்திலும் மென்மையானது. இரும்பின் முதல் வெற்றி அதன் தாது பலவிடத்தும் கிடைத்தமையேயாகும். அதனை அலகுக்கு அரசாக்கியது வேறொரு பொருள்; அதுதான் காபன். நூற்றுக்கு அரைப்பங்கு முதல் ஒன்றரைப் பங்குவரை காபன் சேர்ந்த இரும்பே கத்திக்குரிய உருக்காகும். அதனை ஏறத்தாழ 800 பாகைக்குச் செந்நிறமாகச் சூடாக்கி நீரிலேனும் எண்ணெயிலேனும் சடுதியிலே தோய்த்தால், வெளியேற நேரமின்றிச் சிறைப்பட்ட காபன் அணுக்கள் இரும்பின் அமைப்பை நெருக்கி இறுக்குகின்றன. இவ்வமைப்புக்கு அடோல்ப் மாட்டென்ஸ் என்னும் யேர்மானிய அறிஞரின் பெயரால் மாட்டென்சைற்று என்று பெயர். கொல்லர் இச்செய்கையைத் தோய்ச்சல் என்பர். தோய்த்த அலகு கண்ணாடிபோல் வன்மையும் நொறுங்குந் தன்மையும் உடையது. அவ்வாறே விட்டால் கீழே விழினும் உடையலாம். ஆதலின் அதனை மீண்டும் இளஞ்சூடாக்கி வன்மையிற் சிறிது இழந்து உரத்திற் பெரிது பெறுவர். தேய்த்து வெளுத்த அலகின்மேல் அப்போது படரும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தின் நிறமே கொல்லனுக்கு வெப்பமானியாக உதவியது. ஏறக்குறைய 225 பாகையிற் தோன்றும் வைக்கோல் மஞ்சள் சவரக்கத்திக்கும், 300 பாகையையொட்டித் தோன்றும் நீலம் வில்லுக்கும் உரிய பதங்கள். ஒரே உருக்கைச் சவரக்கத்தியாகவும் வில்லாகவும் ஆக்கத்தக்க இவ்வியல்பு வேறெந்த அலகுப் பொருளிடத்தும் இத்துணை எளிதாக அமைந்ததில்லை.

முரண்பட்ட இரு குணங்களை இரு பொருள்களிடம் பகிர்ந்தளித்தலும் பழைய உத்தியாகும். உடலுக்கு மெல்லிரும்பும், வெட்டுவாய்க்கு மட்டும் வல்லுருக்குமாக இரண்டையும் உலையிற் காய்ச்சி ஒட்டி அடிப்பர். யப்பானியக் கொல்லர் இம்முறையை மிக நுண்ணிதாக வளர்த்தனர். இலங்கையின் சிற்றுலைகளிற் பாரவூர்திகளின் பழைய வில்தகடுகள் கத்தியாவதும் பொருத்தமானதே. அத்தகடு ஏறத்தாழ நூற்றுக்கு 0.6 பங்கு காபனுடைய உருக்காதலின், தக்கவாறு தோய்த்தால் உழைப்புக்கு ஈடுகொடுக்கும் அலகாகின்றது.

உருக்கின் வரலாற்றில் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் தனியிடம் உண்டு. 9ஆம் நூற்றாண்டிலே வாள்களைப் பற்றி எழுதிய அறபு அறிஞர் அல்-கிந்தி, சரந்தீப் எனும் இலங்கைப் பெயரால் வழங்கிய வாள்வகையையும் குறிப்பிட்டார். பலாங்கொடையை அடுத்த சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் அமைக்கப்பட்ட இரும்புலைகளைத் தொல்லியலறிஞர் கில்லியன் ஜூலெப் கண்டறிந்தார். அவை துருத்தியின்றி, தென்மேற்குப் பருவக்காற்றின் விசையாலேயே எரிந்தவை. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டுவரை இத்தொழில் அங்கு நடைபெற்றது. அதேபோன்ற உலையை மீளக் கட்டி எரித்துப் பார்த்தபோது காபன் மிகுந்த உருக்கே நேரடியாகக் கிடைத்தது என்பதனை அவர் 1996இல் "நேச்சர்" இதழில் வெளியிட்டார். இலங்கைக் கனிப்பொருளாய்வின் தலைவராயிருந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியிட்ட நூலில், இரும்புருக்கலையும் உருக்காக்கலையும் ஒரு கலையாகவே மதித்து விவரித்தமை ஈண்டு நினைத்தற்குரியது.

தென்னிந்தியாவில் இரும்பையும் காபன் தரும் தாவரப் பொருள்களையும் மட்குகையில் இட்டு மூடி உருக்கி ஆக்கப்பட்ட உருக்கு, ஐரோப்பியரால் "ஊட்ஸ்" எனப்பட்டது. உருக்கைக் குறிக்கும் "உக்கு" எனும் கன்னடச் சொல்லின் திரிபே இஃதென்பது பலரின் கருத்து. இதன் காபன் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை இருந்தது. மேற்காசியக் கொல்லர் கையில் இத்தகைய உருக்கே நீரலைபோன்ற வரிகளையுடைய தமஸ்கு வாள்களாயிற்று. 1795இல் ஜோர்ஜ் பியர்சன் இதுபற்றி இலண்டன் றோயல் கழகத்திற்கு ஒரு கட்டுரை அளித்தார். கொல்லரின் மகனாகிய மைக்கேல் பரடே, ஜேம்ஸ் ஸ்ரோடாட் என்னும் கத்தித் தொழிலறிஞரோடு சேர்ந்து 1819 முதல் 1822 வரை இவ்வுருக்கின் இரகசியத்தைத் தேடினார். அதன் சிறப்புக்கு அலுமினியமும் சிலிக்காவும் காரணம் என்று அவர் தொடக்கத்திற் கருதியது பிழையாயிற்று, காபனே முதற்காரணம். எனினும் பிற உலோகங்களை உருக்கோடு கலந்து அவர் செய்த சோதனைகள், பின்னர் எழுந்த கலப்புருக்கு ஆராய்ச்சிக்கு முன்னோடியாயின.

காபனுருக்கின் பெருங்குறை துருவாகும். ஈரத்தோடு ஒருநாள் விடப்பட்ட அலகு மறுநாட் செம்பொடி பூத்திருக்கும். கடற்காற்று வீசும் ஊர்களிற் சொல்லவேண்டியதில்லை. மாங்காய், எலுமிச்சை முதலியவற்றின் புளிப்பு அதனை அரிக்கின்றது. வாழைப்பூ, வாழைக்காய் ஆகியவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடிக் கருநிறமாகி, அலகையும் காயையும் கறைப்படுத்துகின்றது.

இக்குறைக்கு மருந்து 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிற் கிடைத்தது. துப்பாக்கிக் குழல்களின் தேய்வைக் குறைக்கும் உருக்கைத் தேடிய ஹரி பிறியர்லி, நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியங் கலந்த உருக்கு எளிதிற் கறைப்படாமையைக் கண்டார். கறையிலுருக்கு என்று பெயர்பெற்ற அப்பொருளின் மேற்பரப்பில் குரோமியமும் ஒட்சிசனும் கூடி, கண்ணுக்குப் புலனாகாத ஒரு படலத்தை ஆக்குகின்றன. கீறல் விழின் அப்படலம் தானே மீண்டும் உண்டாகும். ஆயினும் ஷெபீல்ட் கத்தித் தொழிலாளர் அதனை முதலில் வரவேற்கவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிறியர்லியை எள்ளினர். பழைய உருக்குக்குப் பழகிய வெப்பம் இதற்குப் போதாது. ஏறத்தாழ 1,000 பாகைவரை சூடாக்கிய பின்னரே இது தோய்ச்சலேற்கும். பொருள்மீது சுமத்தப்பட்ட குற்றத்திற் பெரும்பங்கு பதப்படுத்திய முறையினுடையதாகும்.

எஞ்சிய பங்கு பொருளினுடையதே. குரோமியத்தின் ஒரு பகுதி காபனோடு கூடி வன்மைமிக்க துணிக்கைகளாகின்றது. இத்துணிக்கைகள் தேய்வைத் தடுப்பனவாயினும் பெரியனவாக அமைந்தால் விளிம்பை மிக மெல்லியதாகத் தீட்ட விடா. தீட்டும்போது கழன்று குழியும் விழும். ஆதலால் விலைகுறைந்த கறையிலுருக்குக் கத்திகளிற் காபனைக் குறைத்து, மென்மையாகவே ஆக்குவர். அவை முறியா, துருவேறா. ஆனால் விரைவில் மழுங்கும். உருகிய கலவையை நுண்துளிகளாகச் சிதறிப் பொடியாக்கி, அப்பொடியை அழுத்தி இறுக்குஞ் செயன்முறையால் இத்துணிக்கைகளைச் சிறியனவாக்க முடிந்துள்ளது. அங்ஙனம் ஆக்கிய உருக்கு காபனுருக்கின் கூர்மையை நெருங்குகின்றது, விலையோ பன்மடங்கு.

கறையிலுருக்கு எல்லாம் ஒன்றெனக் கொள்ளலும் தவறு. குரோமியம் 18, நிக்கல் 8 என்னும் பங்கிற் கலந்த வகை துருவெதிர்ப்பில் மேம்பட்டது. ஆயின் அது தோய்ச்சலால் இறுகாது. கரண்டிக்கும் பாத்திரத்துக்கும் உகந்தது, கத்திக்கு ஆகாது. இதனை மாணவர் வீட்டிலேயே சோதிக்கலாம். நல்ல மேசைக்கத்தியின் அலகைக் காந்தம் பற்றும். அவ்வகைக் கரண்டியைப் பெரும்பாலும் பற்றாது அல்லது மிக மெலிதாகவே பற்றும். ஒரே பெட்டியில் ஒரே பளபளப்போடு கிடக்கும் இரண்டும் இருவேறு பொருள்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலோகமல்லாத அலகு மீண்டுந் தோன்றியது. சிர்க்கோனியம் ஒட்சைட்டு என்னும் வெண்களிப் பொருளை அழுத்திச் சுட்டு ஆக்கப்படும் பீங்கான் கத்தி அது. பீங்கான் உடைவதற்குக் காரணம், சிறு வெடிப்பு ஒன்று தடையின்றி ஓடிப் பரவுதலாகும். வெடிப்பின் நுனியில் சிர்க்கோனியத் துணிக்கைகள் தம் பளிங்கமைப்பை மாற்றிச் சற்றே பருத்து அவ்வெடிப்பை நெருக்கி அடைக்கச் செய்யலாம் என்பதனை அவுஸ்திரேலிய ஆய்வாளர் மூவர் 1975இல் வெளியிட்டனர். இவ்வாறு ஆக்கிய அலகு உருக்கிலும் வன்மையானது, எடை குறைந்தது, துருவறியாதது, எலுமிச்சையும் வெங்காயமும் அதனைத் தீண்டா. தீட்டாமலே நெடுங்காலம் வெட்டும். எனினும் உரத்தில் அது உருக்குக்கு அணித்தன்று. மீன்முள்ளிலே திருகினாலும், சீமெந்துத் தரையில் விழுந்தாலும் பல்லுப்போகும் அல்லது இரண்டாகும். மழுங்கியபின் வீட்டுச் சாணைக்கல் அதற்குதவாது. வைரப்பொடி பதித்த கல் வேண்டும்.

வன்மை பற்றிய எண்ணத்தைத் திருத்தும் ஆராய்ச்சியொன்று 2020இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலிருந்து வெளிவந்தது. தலைமயிர் சவர அலகின் உருக்கிலும் ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. அவ்வாறாயின் அலகு ஏன் மழுங்குகின்றது? மின்னணு நுண்காட்டியின்கீழ் வைத்து நோக்கியபோது, மயிர் சாய்ந்து வளைந்து படும்வேளையில், உருக்கின் நுண்ணமைப்பு சீரற்றுள்ள இடத்திலே விளிம்பு சில்லாகப் பெயர்வது தெரிந்தது. படிப்படியான தேய்வினும் இச்சிறு முறிவுகளே பெருங்கேடு விளைத்தன. வன்மை எத்துணை என்பதோடு, அது விளிம்பெங்கும் ஒரே சீராக அமைந்துள்ளதா என்பதும் அலகின் ஆயுளை நிர்ணயிக்கின்றது. பழைய கொல்லன் உலைத்தீயின் நிறத்தை இமையாது நோக்கி நின்றமைக்கு இதிலும் ஒரு விளக்கங் கிடைக்கின்றது.

இவற்றையெல்லாம் தொழிலோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். பனையின் பாளையை நாடோறும் மெல்லிதாகச் சீவுபவருக்குக் கூர்மையே வாழ்வு. சீவல் தடித்தாற் பாளை வீணாகும், கூர் குன்றினாற் பாளை நசுங்கும். அவர் கத்தி நாளும் தீட்டப்படுவது. ஆதலின் விரைந்து கூரேறும் காபனுருக்கே அவருக்குத் தக்கது. துரு படிய அதற்கு ஓய்வுமில்லை. மீன்வெட்டுவோருக்கு உப்பும் ஈரமும் ஒருபுறம், முள்ளும் எலும்பும் மறுபுறம். கடைசற்றுக் குறைந்த வன்மையும் மிகுந்த உரமுமுடைய கறையிலுருக்கு அவருக்கு ஏற்றது. பலர் கைமாறிப் புழங்கும் சமையலறைக்கும் அதுவே பாதுகாப்பானது. பழமும் மரக்கறியும் மட்டும் நறுக்கும் கவனமான கைக்குப் பீங்கான் அலகு பொருந்தும். விறகும் தேங்காயும் பிளக்கும் கத்திக்கு உரம் முதலாவது, கூர் பின்னது. மெல்லிரும்புடலில் உருக்குவாய் வைத்த பழைய அமைப்பை அங்கு விஞ்சுவது எளிதன்று.

நான்காவது இயல்பாகிய தீட்டற்கெளிமையே இக்காலத்திற் பெரிதும் மறக்கப்படுகின்றது. துருவேறாத அலகு வந்தபின், கத்தி பராமரிப்பு வேண்டாத பொருள் என்னும் எண்ணம் பரவிற்று. அலகு பளபளத்துக்கொண்டே மழுங்குவதால் அதன் கேடு கண்ணுக்குத் தோன்றுவதில்லை. மழுங்கிய கத்தியை மிகுந்த விசையோடு அழுத்துகையில் அது வழுக்கி விரலை வெட்டுகின்றது. கூரிய கத்தியினும் மழுங்கிய கத்தியே ஆபத்தானது என்று சமையற்காரர் கூறுவது அனுபவத்தின் முடிபு. தெருத்தெருவாய்ச் சென்று சாணைபிடிப்போர் அருகிவிட்டனர். வீட்டிற் சாணைக்கல் வைத்திருப்போரும் குறைந்தனர். இந்நிலையில் விலையுயர்ந்த உருக்கை வாங்குவதால் மழுங்கும் நாள் சற்றுத் தள்ளிப்போகுமேயன்றி வராமற் போகாது. தீட்டத் தெரிந்தவர் கையில் எளிய காபனுருக்கு, தீட்டப்படாத அருமையான கலப்புருக்கினும் நன்கு வெட்டும்.

ஆகவே, அலகின் பொருளைத் தெரிவுசெய்வோர் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: இது வெட்டப்போவது யாது? இதனை நனையவிடாது துடைத்து வைக்கும் பழக்கம் உண்டா? மழுங்கினால் தீட்டுபவர் யார்? இவற்றுக்கு விடை தெரிந்தபின் பொருளைத் தேர்தல் அரிதன்று. குவாட்ஸ் சில்லிலிருந்து சிர்க்கோனிய அலகுவரை மனிதன் கடந்துவந்த வழியில், ஒவ்வொரு பொருளும் ஒன்றைத் தந்து மற்றொன்றை வாங்கிக்கொண்டது. கொடுப்பது யாது, பெறுவது யாது என்பதனை அறிந்து ஏற்பவர்க்கு எப்பொருளும் நன்கு பயன்படும்.